ஹார்ப்புக்கு வச்ச சந்தனம்

எங்க தெருவுல யாரை வேணும்னாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்க, அந்த வீட்டுப் பொம்பளை என்னத்த வாசிக்குதுன்னு. "எங்க வாசிக்குது, இன்னும் சுதி சேர்த்துக்கிட்டுல்ல இருக்கு"ன்னு சொல்லுவாக. மஸ்கட்ல இருந்து ஹார்ப்போட நான் அருப்புக்கோட்டைக்கு வந்து வருசக் கணக்காச்சு. இன்னும் நான் சுதியே சேர்த்து முடிக்கலைன்னு ஊரு நெனைச்சுக்கிட்டு இருக்கு. அதைக் கேக்குறப்பெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஆனா அவுகளையும் ஒரேயடியாக் குத்தம் சொல்ல முடியல. நான் படிச்ச இசை அப்படி. மெக்சிகோ, அர்ஜென்டினா, கொலம்பியா, ஸ்பெயின்னு ஸ்பானிஷ் பேசுற நாடுகள்ல இப்ப உயிரோட இருக்குறவுக ஹார்ப்புக்குன்னே எழுதுற இசை. அவுகளுக்கு நரம்பை மீட்டுறது மட்டும் பத்தாது. மரத்துல விரல் முட்டியால தட்டுன்னு எழுதுவாக. அடிக் கம்பியை நகத்தால நீளமாச் சுரண்டுன்னு எழுதுவாக. நரம்புகளுக்கு நடுவுல காகிதத்தைச் செருகிட்டு வாசின்னு எழுதுவாக. அப்புறம் எல்லாத்தையும் நிறுத்திட்டு, சத்தம் முழுசாச் சாகுற வரைக்கும் கையை அசைக்காம உக்காருன்னும் எழுதுவாக. பல்லவி, சரணம்னு பழகின காதுக்கு இது என்னவாத் தெரியும்? யாரோ எதையோ பழுது பாக்குறாகன்னுதான் தெரியும்.

ஹார்ப்புன்னா என்னன்னு தெரியாதவுகளுக்குச் சொல்லிடுறேன். என் தோள் உசரத்துக்கு ஒரு முக்கோண மரச் சட்டம், அதுக்குள்ள மேல இருந்து கீழ வரைக்கும் வரிசையா நரம்பு, கனத்த குரலுக்கு மட்டும் கம்பி. உக்காந்து, தோள்ல சாய்ச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் வாசிக்கணும். வீட்டுக்கு வர்றவுக அதைப் பாத்த ஒடனே, "அட, இது நம்ம யாழுல்ல"ம்பாக. அதுக்கப்புறம் ஒரு சொற்பொழிவு நடக்கும். இது நம்மாளுக வாசிச்சது, நம்மகிட்ட இருந்துதான் வெளிநாட்டுக்காரன் தூக்கிட்டுப் போனான்னு. காபி ஆறிப் போயிரும். கடைசியில, "எங்க, ஒரு சினிமாப் பாட்டு வாசிங்க கேப்போம்"னு முடிப்பாக. நம்ம யாழு நம்ம யாழுன்னு அம்புட்டு நேரம் பேசுன வாயிதான் அது.

இந்த வம்பு எனக்கு வேணுமான்னு கேட்டா, வேணும்னு நானே போயி இழுத்துக்கிட்டதுதான். கல்யாணமாகி எங்க வீட்டுக்காரரோட மஸ்கட்ல இருந்தப்ப, ஒரு பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைகளைப் பாத்துக்குற வேலைக்குப் போனேன். எங்க வகுப்புக்கு அடுத்தது இசை ரூமு. அங்க இருந்த மிஸ்ஸு கொலம்பியாக்காரி. பிள்ளைக வீட்டுக்குப் போனதும் தனியா உக்காந்து ஹார்ப்பு வாசிப்பா. நான் வாசல்ல நின்னு கேப்பேன். ஒரு நா கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சுட்டா. அப்படி ஆரம்பிச்சது.

அவ ஊருல ஹார்ப்புங்கிறது நம்ம ஊரு மேளம் நாதஸ்வரம் மாதிரி. கல்யாணம், திருவிழான்னு எங்க பாத்தாலும் இருக்கும். அவ அப்பாவே கல்யாண வீட்டுல வாசிக்கிறவருதான். அந்தப் பாட்டுகளை போன்ல போட்டுக் காமிச்சா. அம்புட்டு வேகம், அம்புட்டு சந்தோசம், கேட்டா ஒக்கார முடியாது. இதைச் சொல்லிக் குடு மிஸ்ஸுன்னு கெஞ்சினேன். "இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. நீ புதுசைப் படி"ன்னுட்டா. என் கெட்ட நேரம். அந்தக் கல்யாணப் பாட்டுல ஒண்ணு ரெண்டையாச்சும் சொல்லிக் குடுத்திருந்தா இன்னிக்கு அருப்புக்கோட்டையில எனக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். வளைகாப்புக்காச்சும் கூப்பிட்டிருப்பாக.

பொய் சொல்லக் கூடாது, அந்தப் புது இசை எனக்குப் பிடிச்சுப் போச்சு. பொறந்த வீட்லயும் சரி, புகுந்த வீட்லயும் சரி, நான் ஒரு காரியம் செஞ்சா அதை எல்லாரும் உடனே பாத்து, நல்லா இருக்கு, உப்பு பத்தலைன்னு சொல்லிருவாக. ஒரு சத்தத்தை எழுப்பிட்டு, அது எங்க போகுதுன்னு சும்மா உக்காந்து கேக்கச் சொன்ன முதல் ஆளு அந்த மிஸ்ஸுதான். அவ ஊரைப் பாத்துப் போனப்ப அவளோட பழைய ஹார்ப்பை என்கிட்டக் குடுத்துட்டுப் போனா.

மாமா, எங்க வீட்டுக்காரரோட அப்பா, காலமானதும் கடையைப் பாக்க ஆளில்லாம நாங்க ஊரு திரும்பினோம். எங்களுக்கு நூல் கடை. தறிக்காரகளுக்கு நூல் போடுறோம். எங்க வீட்டுக்கு இடது பக்கம் தறி, வலது பக்கம் தறி, பின் தெரு முழுக்கத் தறி. எல்லாம் கரண்ட்ல ஓடுற தறி. பகலும் ஓடும், ராத்திரியும் ஓடும். நாம அதைச் சத்தம்னு சொல்ல முடியுமா? அந்தத் தறி ஓடினாத்தான் எங்க கடையில நூல் ஓடும். "சத்தமா இருக்கு"ன்னு நான் ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதுக்கு எங்க அத்தை, "சத்தம் நின்னுச்சுன்னா அடுப்பும் நின்னுரும்"னாக. மாமியாருக்கு எதிர்ப் பேச்சுப் பேச எனக்கு வராதுன்னு இல்ல. அன்னிக்கு அவுக சொன்னது சரியா இருந்துச்சு, அதான் பேசல.

இது போக இந்த ஊரு வெயிலு. காத்துல ஈரமே கெடையாது. அடுப்புல வேலையா இருப்பேன், மாடியில டொப்புன்னு ஒரு நரம்பு அந்து விழும். மரம் வெடிச்சிறக் கூடாதேன்னு பக்கத்துல ஈரத் துணியைத் தொங்கப் போட்டு வைப்பேன். தண்ணியே இல்லாத ஊருல மரச் சாமானுக்குத் தண்ணி காட்டுறா பாருன்னு சொல்லிச் சிரிக்காத ஆளு எங்க வகையறாவுல கெடையாது.

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டுற நேரம் போன வருசம் வந்துச்சு. எங்க கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. தை மாசம். வர்ற பொண்ணுக்கு மாடி ரூமு வேணும். மாடி ரூம்லதான் ஹார்ப்பு இருக்கு. வேற எங்கயும் எடம் கெடையாது.

அதே சமயம் மெக்சிகோவுல இருந்து ஒரு அறிவிப்பு வந்துச்சு. அங்க ஹார்ப்புக்காரக சில பேரு சேந்து நடத்துற ஒரு குழு. உலகத்துல எங்க இருந்து வேணும்னாலும் வாசிச்சு அனுப்பலாம், அதுல சில பேரை எடுத்து, இசை எழுதினவுகளே ஒரு வருசம் கம்ப்யூட்டர் வழியாச் சொல்லிக் குடுப்பாக. எங்க மிஸ்ஸுதான் அனுப்பி விட்டா. நான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவரு நல்ல மனுசன். ஆனா யாவாரி. "இந்தா பாரு. இது கெடைச்சுச்சுன்னா தம்பிக்கு வேற வீடு பாப்போம். கெடைக்கலைன்னா மதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல ஹார்ப்பு கேக்குறாக, குடுத்துருவோம். எத்தனை நாளைக்குத்தான் ஊருக்குப் பதில் சொல்றது?"ன்னாரு. "சரி, குடுத்துருங்க"ன்னேன். வீம்புலதான் சொன்னேன். சொல்லிட்டு மாடிக்குப் போயி ஹார்ப்புப் பக்கத்துலயே உக்காந்துட்டேன்.

வாசிக்க வேண்டியதையும் அவுகளே குடுத்துட்டாக. மெக்சிகோவுல வறண்ட ஒரு ஊருல பொறந்த பொம்பளை எழுதினது. எதைப் பத்தி எழுதியிருக்கான்னு போன்ல மொழிபெயர்த்துப் பாத்தேன். எப்பவோ ஒரு நா தண்ணி விடுற ஊருல, குழாயைத் தெறந்து வச்சுட்டு ஒரு வீடே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்குமாம். அதைப் பத்தி. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். ஏ தாயி, இதைக் கேக்க நான் மெக்சிகோ வரைக்கும் வரணுமா? எங்க வீட்டுக் கீழ்க் குழாயில வந்து காதை வச்சுப் பாரு. அருப்புக்கோட்டையில முனிசிபாலிட்டித் தண்ணி என்னிக்கு வரும்னு முனிசிபாலிட்டிக்கே தெரியாது.

ஆனா வாசிக்க வாசிக்க அவ கெட்டிக்காரின்னு தெரிஞ்சுச்சு. மொதல்ல மரத்துல ரெண்டு தட்டு, குழாயைத் தட்டிப் பாக்குற மாதிரி. அப்புறம் அமைதி. அப்புறம் அடிக் கம்பியில நகத்தை வச்சு மெதுவா மேல இழுக்கணும், குழாயில தண்ணிக்கு முந்தி காத்து வருமே, அந்தச் சத்தம். திரும்பவும் அமைதி. கடைசியிலதான் மேல் நரம்புல ஒண்ணொண்ணாச் சொட்டு விழும். பாதிக்குப் பாதி அமைதிதான். இதை ஒரே மூச்சுல, எங்கயும் வெட்டாம ஒட்டாம, வேற சத்தமே இல்லாமப் பதிஞ்சு அனுப்பணும். கடைசித் தேதி நம்ம விஜயதசமியில வந்து விழுந்துச்சு, அன்னிக்கு நம்ம ஊரு நேரப்படி சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துரணும். தறித் தெருவுல உக்காந்துக்கிட்டு நான் அமைதிக்கு எங்க போவேன்?

எங்க அம்மா வீடு பரளச்சிப் பக்கம் ஒரு கிராமம். சுத்தி மானாவாரிக் காடு. அங்க எந்தத் தறியும் கெடையாது. ஆடி மாசம் ஒரு குட்டியானை வண்டியைப் பிடிச்சு, ஹார்ப்புக்கு மெத்தையைச் சுத்தி ஏத்திக்கிட்டுப் போனேன். திருச்சுழிக்கார டிரைவரு வழியெல்லாம், "அக்கா, உள்ள இருக்குறது பிரிட்ஜா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. ஆமான்னு சொல்லித் தொலைச்சேன். இல்லைன்னா யாழு கதை ஆரம்பிச்சிருக்கும்.

போயி எறக்கி வச்சா, ஆடிக் காத்து. கதவைச் சாத்தினாலும் ஓட்டு வழியா வருது. நான் தொடாமலே நரம்பெல்லாம் உம்முன்னு எரையுது. காத்து கொஞ்சம் அடங்குச்சேன்னு உக்காந்தா, அமைதியா இருக்க வேண்டிய எடத்துல சரியா மயிலு கத்துது. ஒண்ணு கத்தினா ஒம்பது கத்துது. விரட்டலாம்னு கம்பை எடுத்தேன். "முருகன் வாகனத்தை அடிக்கவா மஸ்கட்டுக்குப் போயிட்டு வந்தே?"ன்னு எங்க அம்மா கம்பைப் பிடுங்கிருச்சு. மயிலு ஓய்ஞ்சா ஆடு. ஆடு ஓய்ஞ்சா கோயில் ரேடியோ. எங்க அம்மா ஒரு தட்டுல அவிச்ச கடலையைக் கொண்டாந்து வச்சுட்டு, "பட்டிக்காடு அமைதியா இருக்கும்னு எவன் சொன்னான்?"னு கேட்டுச்சு. அதே குட்டியானையில திரும்பி வந்தேன்.

அப்புறம் கரண்ட்டு ஷட்டவுன். மாசத்துல ஒரு நா பராமரிப்புக்குன்னு பகல் பூரா கரண்ட்டை நிறுத்துவாக. கரண்ட் இல்லைன்னா தறி இல்லை. ஆவணியில அந்த நாளு காலையில கரண்ட் போறதுக்கு முந்தியே சோத்தை வடிச்சு எறக்கிட்டு, போன்ல சார்ஜ் ஏத்திட்டு, மாடிக்குப் போயி ஜன்னலைச் சாத்தினேன். ஃபேன் இல்ல. வேர்வை கண்ணுல எறங்குது. ஆனா அமைதின்னா அப்படி ஒரு அமைதி. பதிவைப் போட்டுட்டு ஆரம்பிச்சேன். ரெண்டு தட்டு சுத்தமா விழுந்துச்சு. அமைதியும் நல்லா நின்னுச்சு. நகத்தை அடிக் கம்பியில வச்சு இழுத்தேன், ஸ்ஸ்ஸ்னு மேல வருது, நானே சொக்கிப் போயிட்டேன். இன்னொரு தடவை இழுத்தேன்.

கீழ கடமுடான்னு ஒரு சத்தம். குடம் உருள்ற சத்தம். "ஏத்தா, குழாயில காத்து வருது, தண்ணி வரப் போகுது, ஓடியா"ன்னு அத்தை கத்துறாக. அவுக கத்தினதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுல குடத்தைத் தூக்குறாக, எதுத்த வீட்டுல தூக்குறாக, தெருவே குழாயடியில நிக்குது. நான் எறங்கி வந்து பாக்குறேன், அத்தை குழாயைத் தெறந்து வச்சு, அது கீழ குடத்தை வச்சு, குனிஞ்சு காதைக் குழா வாயில வச்சுக்கிட்டு நிக்கிறாக. சொட்டுத் தண்ணி இல்லை.

"அத்தை, அது தண்ணி இல்ல. நான்தான்"னேன்.

"நீயா? நீ என்ன செஞ்சே?"

"மாடியில வாசிச்சேன்."

அவுக என்னை ஏற எறங்கப் பாத்தாக. "தண்ணி வரலைன்னா எதுக்குத்தா அந்தச் சத்தத்தைக் குடுக்குறே?"ன்னாக. நியாயமான கேள்விதான். குடத்தோட நின்ன ஜனமெல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே கலைஞ்சு போச்சு. மாடிக்குத் திரும்பிப் போறதுக்குள்ள கரண்ட் வந்துருச்சு. சாயங்காலம் வரைக்கும் நிறுத்துவோம்னு சொன்னவுக மத்தியானமே விட்டுட்டாக. அடுத்த ஷட்டவுன் கடைசித் தேதி தாண்டித்தான் வரும். வாழ்க்கையில ஒரு நாளாச்சும் கரண்ட்டு சீக்கிரம் வந்ததுக்கு ஒருத்தி அழுதிருக்கான்னா அது நான்தான்.

பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணாச்சிதான் வழி சொன்னாரு. நூல் வாங்க வந்தவரு கடையில என் மூஞ்சியைப் பாத்துட்டு விசாரிச்சாரு. சொன்னேன். "இதுக்குப் போயா கவலைப்படுறே தங்கச்சி? ஆயுத பூஜையன்னிக்குத் தறிக்கு லீவு. கழுவி, பொட்டு வச்சு, சும்மா நிறுத்தி வச்சிருப்போம். ஊருல ஒரு தறி ஓடாது. அன்னிக்கு முழு நாளும் உனக்குத்தான்"னாரு. எனக்கு அவரு கால்ல விழலாம் போல இருந்துச்சு. விஜயதசமிக்கு மொத நாள். கடைசித் தேதிக்கு மொத நாள். சாமியாப் பாத்து ஒதுக்கி வச்ச நாளுன்னு நெனைச்சேன். எங்க வீட்டுக்காரரும் "அருமையான யோசனை"ன்னாரு. நானு, அவரு, அண்ணாச்சி, மூணு பேரும் பொறந்ததுல இருந்து ஆயுத பூஜை கும்பிடுறவுகதான். மூணு பேருல ஒருத்தருக்கு அது ஒறைக்கல.

ஆயுத பூஜையன்னிக்குக் காலையில எந்திரிச்சேன். தெரு அப்படியே அமைதியா இருக்கு. வருசா வருசம் இந்த நாளு வந்தாலும் பூசை அவசரத்துல கவனிச்சதில்ல, அன்னிக்குத்தான் எங்க சுவத்துக் கடிகாரத்துக்குச் சத்தம் இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சது. சுண்டலைத் தாளிச்சு வச்சுட்டு, தலைக்குக் குளிச்சுட்டு, ஈரத் தலையோட மாடிக்கு ஏறினேன். ரூம்ல ஹார்ப்பைக் காணோம்.

மதுரைக்காரகளுக்குக் குடுத்துட்டாகளோன்னு நெனைச்சு, படியில தடதடன்னு எறங்கினேன். பூசை ரூம்ல இருந்துச்சு. அத்தை கொழுந்தனை விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லியிருக்காக. பலகை போட்டு, அது மேல நிறுத்தி, அதோட மரச் சட்டத்துல உச்சியில இருந்து அடி வரைக்கும் சந்தனம், சந்தனத்து மேல குங்குமம். செவ்வந்தி மாலையை நரம்புகளுக்கு உள்ள விட்டு எடுத்துக் கட்டியிருக்காக. ஒரு பக்கம் கடைத் தராசு, இன்னொரு பக்கம் தையல் மிசினு. நடுவுல இது.

பூசையில வச்சதை அன்னிக்குத் தொடக் கூடாது. புத்தகம் வச்சா படிக்கக் கூடாது, மிசினு வச்சா தைக்கக் கூடாது, வாத்தியம் வச்சா வாசிக்கக் கூடாது. மறுநாள் காலையில மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும். மறுநாள் காலையில ஊரே மறுபூசை போட்டுத் தறியை ஓட்டும்.

"அத்தை, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? நான் இன்னிக்கு வாசிச்சாகணும். இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாளு இல்ல"ன்னேன்.

அத்தைக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "எனக்கு என்னத்தா தெரியும்? உனக்குச் செய்யணும்னுதானே செஞ்சேன். இத்தனை வருசமா ஓடாத மிக்சிக்குக் கூடப் பொட்டு வச்சேன், இதுக்கு வைக்கல. வெளையாட்டுச் சாமான்னு நெனைச்சேன். அன்னிக்கு என்னையவே குடத்தைத் தூக்கிட்டு ஓட வச்சியே. எத்தனை வருசமா அந்தக் குழாயில காது வச்சவ நானு. என்னை ஏமாத்துதுன்னா அது வெளையாட்டு இல்ல, தொழிலு. அதான் வச்சேன்"னாக.

வருசா வருசம் பூசையன்னிக்கு அரிவாமனை வரைக்கும் பொட்டு வாங்கிட்டு உக்காந்திருக்கும், என் ஹார்ப்பு மட்டும் மாடியில தனியா நிக்கும். அதுக்காக நான் உள்ளுக்குள்ள எம்புட்டுப் பொருமியிருக்கேன்னு யாருக்கும் தெரியாது. இன்னிக்குப் பாத்தா அதுக்கு நடு வீட்டுல மாலை. இதை இன்னும் ஒரு நா கழிச்சு வச்சிருக்கக் கூடாதா? போன வருசமே வச்சிருக்கக் கூடாதா? அந்த மாலையை அத்து எறிஞ்சுட்டு வாசிச்சிருக்கலாம். எங்க வீட்டுக்காரரு கூட, "சாமி ஒண்ணும் சொல்லாது, எடுத்துக்கோ"ன்னு காதுல சொன்னாரு. கையைக் கொண்டு போனேன். அத்தை அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாக. ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். சொல்லாமத் திரும்பி நின்னாகளா, என்னால முடியல.

மொட்டை மாடிக்குப் போயி உக்காந்தேன். ஊரே கம்முன்னு இருக்கு. அந்த அமைதியை நான் கேட்டுக் கேட்டுத் திட்டினேன். யாரைத் திட்டினேன்னு எனக்கே தெரியாது. அத்தையை, மெக்சிகோக்காரியை, என்னை.

விஜயதசமியன்னிக்கு விடிஞ்சும் விடியாம அத்தை மறுபூசை போட்டு மாலையை எடுத்தாக. நானு அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். கொஞ்ச நேரம் தறியை நிறுத்தி வைங்கன்னேன். அவரு நல்ல நேரம் பாத்து ஒரு தடவை ஓட்டிட்டு, எனக்காக நிறுத்தினாரு. பெரிய மனசு. அவரு நிறுத்தினப்புறம்தான் பின் தெருத் தறிக கேட்டுச்சு. அதுக்கும் பின்னால இருக்குற தெரு கேட்டுச்சு. யாரு யாரு கால்ல விழுறது? உக்காந்து வாசிச்சேன். நரம்புல எல்லாம் சந்தனப் பொடி. எங்கயும் தவறாம வாசிச்சேன். அமைதிக்குன்னு விட்ட எடத்துல எல்லாம் டக்கு டக்குன்னு தறி. அப்படியே அனுப்பிட்டேன்.

ஐப்பசியில பதில் வந்துச்சு. வாசிப்பு நல்லா இருக்காம். ஆனா இதுல அமைதிதான் பாதி இசையாம், அது கெடைக்கலையாம், வருந்துறாகளாம். போனை எங்க வீட்டுக்காரர்கிட்டக் காமிச்சேன். படிச்சுட்டுப் போனைத் திருப்பிக் குடுத்தாரு. நானே, "மதுரைக்காரகளை வரச் சொல்லிருங்க"ன்னேன். பேசின பேச்சுன்னா பேச்சுதான். கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டுச் சொன்னேன், மூஞ்சியைக் காட்டாம.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுல அவரு அத்தைகிட்டச் சொன்னாரு, ஞாயித்துக்கெழமை ஹார்ப்பை எடுத்துட்டுப் போக வர்றாகன்னு. அத்தை சோத்துல வச்ச கையை எடுத்தாக.

"பூசையில வச்ச சாமானையாடா விக்கப் போறே?"

"அம்மா, போன வருசம் பழைய மொபெட்டை விக்கலியா? அதுக்கும் வருசா வருசம் நீதானே பொட்டு வச்சே?"ன்னாரு அவரு.

"அது ஓடலை, வித்தோம். இது ஓடுதுல்ல? ஓடுற தொழில் சாமானை எந்த யாவாரியாச்சும் விப்பானா? உங்க அப்பா இருந்தா உன்னைய வெளக்குமாத்தால அடிப்பாரு."

"தம்பிக்கு ரூமு வேணுமேம்மா. இதை எங்க கொண்டு போயி வைக்கிறது?"

"என் ரூம்ல வையி. எனக்கு ஹாலு போதும். ஃபேன் காத்தாச்சும் நல்லா வரும்"னாக.

அந்தச் சின்ன ரூமு ஒண்ணுதான் அந்த வீட்டுல அவுகளுக்குன்னு இருக்குறது. மாமா போனதுல இருந்து அதுக்குள்ள வேற யாரையும் அவுக படுக்க விட்டதில்ல. நான் ரசச் சட்டியோட நின்னுக்கிட்டே அழுதுட்டேன். மெக்சிகோவுல இருந்து பதில் வந்தப்பக் கூட அப்படி அழுகல. அவுக எந்திரிச்சுக் கை கழுவிட்டு வந்து என்னைப் பாத்தாக.

"போதும். மூக்கைச் சிந்திட்டு வா. கட்டிலை நகட்டணும், கால்மாட்டுப் பக்கம் நீ பிடி."